பதினைந்து சத ஹம்பர்கர்: ஒரு பண்டத்தின் வரலாறும் விற்பனையும்

1

உணவு பற்றிய ஆய்வு எம்மிடையே பெரும்பாலும் இரு சாராரின் கையிலேயே இருந்து வந்துள்ளது. ஒருபுறம் போசாக்கியலாளர், மறுபுறம் மக்களின் பழக்கவழக்கங்களைத் தொகுக்கும் நாட்டாரியலாளர். உணவிலே என்ன உள்ளது என முன்னவர் கேட்கின்றனர்; யார், எப்பொழுது, எவ்வாறு உண்கின்றனர் எனப் பின்னவர் கேட்கின்றனர். அவ்வுணவு எத்தகைய உழைப்பினால், எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குட்பட்டு ஆக்கப்படுகின்றது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை முன்வைத்து, மக்டொனால்ட்ஸ் எனப்படும் அமெரிக்க உணவகத் தொடரின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விற்பனை முறைகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நிறுவனத்தைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் கதைகள் இரண்டு. முதலாவது, தனிமனித முயற்சியின் வெற்றிக் கதை. வறிய விற்பனையாளன் ஒருவன் தன் விடாமுயற்சியால் உலகை வென்றான் என்பது அதன் சாரம். இரண்டாவது, அந்நியப் பண்பாட்டின் படையெடுப்புப் பற்றிய கதை. ஹம்பர்கர் வந்தது, உள்ளூர் உணவு அழிந்தது என்பது அதன் சாரம். ஒன்று புகழ்கின்றது, மற்றது பழிக்கின்றது. ஆனால் இரண்டுமே சமையலறைக்குள் நுழைவதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்க விரும்புகின்றோம்.

2

ஹம்பர்கர் என்பது அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டிச் சுட்டு, பணிசினிடையே வைத்துத் தரப்படும் உணவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தொழிலாளரின் மலிவான உணவாகவே கருதப்பட்டது. மத்தியதர வர்க்கத்தினர் அதனை ஐயத்துடன் நோக்கினர். அரைத்த இறைச்சியில் எதுவும் கலந்திருக்கலாம் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

இவ்வச்சத்தை வலுப்படுத்தியதில் ஓர் இலக்கியப் படைப்புக்கும் பங்குண்டு. 1906இல் நூலாக வெளிவந்த அப்ரன் சின்கிளேயரின் ‘த ஜங்கிள்’ என்னும் நாவல், சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்த லித்துவேனியக் குடியேறிகளின் வாழ்வைச் சித்திரித்தது. ஆசிரியர் ஒரு சோஷலிசவாதி. தொழிலாளர் படும் துன்பத்தை உலகறியச் செய்வதே அவரது நோக்கம். ஆனால் வாசகரை உலுக்கியது தொழிலாளியின் நிலையன்று, இறைச்சியின் நிலையே. அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறின. நுகர்வோனின் வாய்க்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இறைச்சி வெட்டியவனின் கைக்குக் கிடைக்கவில்லை. ஒரு படைப்பு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பது போன்றே எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பதும் வர்க்க நலன்களால் தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்வச்சத்தையே மூலதனமாக்கிய முதல் நிறுவனம் வைற் காசில் ஆகும். வோல்ரர் அண்டர்சன் என்னும் சமையற்காரரும் எட்கார் இங்கிராம் என்னும் வணிகரும் 1921இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இதனைத் தொடங்கினர். பெயரிலேயே வெண்மை, கட்டடமும் வெண்மை, பணியாளரின் உடையும் வெண்மை. வாடிக்கையாளரின் கண்முன்னேயே இறைச்சி சுடப்பட்டது. விலை 5 சதம். ஹம்பர்கரை மட்டுமே உண்டு ஒருவர் உடல் நலத்துடன் வாழலாம் என நிறுவுவதற்காக, 1930இல் மருத்துவ மாணவர் ஒருவருக்குப் பதின்மூன்று வாரங்கள் அதனையே உணவாகக் கொடுக்கும் பரிசோதனைக்கும் இங்கிராம் பணம் வழங்கினார். விற்பனையின் பொருட்டு விஞ்ஞானம் சாட்சிக்கு அழைக்கப்படும் வழக்கம் இத்துறையின் தொடக்கத்திலேயே காணப்படுவது மனங்கொள்ளத்தக்கது.

3

நியூ ஹம்சயர் மாநிலத்திலிருந்து வேலை தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்தவர்கள் றிச்சாட், மொறிஸ் மக்டொனால்ட் என்னும் சகோதரர்கள். 1940இல் சன் பெர்னாடினோ நகரில் அவர்கள் ஓர் உணவகத்தைத் திறந்தனர். வாடிக்கையாளர் மோட்டார்க் காரில் அமர்ந்தபடியே உண்ணும் உணவகம் அது. இளம் பெண்கள் பரிசாரகராகக் கார்களுக்கு உணவு கொண்டு சென்றனர். வருமானம் நன்றாகவே இருந்தது. ஆயினும் திறமையான சமையற்காரர் கிடைப்பதும் நிலைப்பதும் அரிதாயிருந்தது. தட்டுகளும் கரண்டிகளும் உடைந்தும் களவு போயும் செலவு பெருகியது.

1948இல் அவர்கள் உணவகத்தை ஏறத்தாழ மூன்று மாதங்கள் மூடி, அதனை முற்றாக மாற்றியமைத்தனர். பரிசாரகப் பெண்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். உணவுப் பட்டியல் ஒன்பது வகைகளாகச் சுருக்கப்பட்டது. பீங்கானும் கரண்டியும் போய்க் காகித உறையும் காகிதக் கோப்பையும் வந்தன. சமையலறையின் அமைப்பை ரெனிஸ் மைதானமொன்றிலே சோக்கினால் வரைந்து, பணியாளரை அதனுள் நடமாடவிட்டு, வீணாகும் அடிகளைக் கணக்கிட்டு, கருவிகளின் இடத்தை அவர்கள் தீர்மானித்தனர். ஒருவர் இறைச்சியைச் சுடுவார். ஒருவர் வெங்காயமும் சோஸும் இடுவார். ஒருவர் உருளைக்கிழங்கு பொரிப்பார். ஒருவர் பாற்பானம் கலப்பார். ஹம்பர்கரின் விலை 15 சதமாயிற்று.

இங்கு நிகழ்ந்தது யாதெனச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சமையற்காரன் என்பவன் ஒரு கைவினைஞன். பதம் அறிதல், சுவை அறிதல், நேரம் அறிதல் ஆகிய யாவும் அவனது கையிலும் நாவிலும் குடிகொண்டவை. அவ்வறிவே முதலாளியிடம் அவனுக்கிருந்த பேரம் பேசும் பலம். புதிய முறையில் அவ்வறிவு சிறு சிறு செயல்களாகப் பிரிக்கப்பட்டு, சில நாட்களில் எவருக்கும் கற்பிக்கத்தக்க அசைவுகளாக்கப்பட்டது. அசைவுகளின் தொகுதி முதலாளியின் உடைமையாயிற்று. தொழிலாளி எளிதில் மாற்றீடு செய்யத்தக்கவனானான். ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலில், கருத்தாக்கம் செயலிலிருந்து பிரிக்கப்படுவதனையே நவீன முதலாளித்துவ உழைப்பு முறையின் அடிப்படை இயல்பாகக் காட்டினார். அவர் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கண்டதனை நாம் இங்கு அடுப்படியிலே காண்கின்றோம்.

இதிலே ஒரு வரலாற்று வட்டமும் உண்டு. ஹென்றி போர்ட் தமது தொடர்வரிசை உற்பத்தி முறைக்கான கருத்தைச் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் தலைக்கு மேல் நகர்ந்த கொக்கிகளிலிருந்தே பெற்றதாகத் தம் சுயசரிதையிற் குறிப்பிட்டுள்ளார். கொல்களத்தில் விலங்கைத் துண்டுகளாக்கப் பயன்பட்ட முறை, கார்த் தொழிற்சாலையிலே துண்டுகளைக் காராக்கும் முறையாயிற்று. அக்காரிலே வந்திறங்கியவனுக்கு உணவளிப்பதற்காக அதே முறை சமையலறைக்குட் புகுந்தது. சின்கிளேயர் சித்திரித்த தொழிலாளியின் நிலை, நாற்பது ஆண்டுகளின் பின், வெண்ணிற உடையணிந்து, மணமும் ஒளியும் நிறைந்த அறையொன்றில் மீண்டும் தோன்றியது.

4

சகோதரர்கள் முறையைக் கண்டனர். அதனைப் பேரரசாக்கியவர் வேறொருவர். பாற்பானம் கலக்கும் இயந்திரங்களை விற்றுவந்த றே குறொக், 1954இல் சன் பெர்னாடினோவுக்கு வந்து, அம்முறையைக் கண்டு வியந்து, நாடெங்கும் உரிமம் வழங்கும் பொறுப்பைப் பெற்றார். 1955 ஏப்ரல் 15ஆந் திகதி சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள டெஸ் பிளெயின்ஸில் தமது முதற் கிளையைத் திறந்தார். 1961இல் சகோதரர்களின் உரிமை முழுவதையும் 27 இலட்சம் டொலருக்கு வாங்கினார். சகோதரர்கள் தமது பழைய உணவகத்தை வைத்திருந்தனராயினும், அதற்குத் தமது சொந்தப் பெயரைச் சூட்டும் உரிமையை இழந்தனர். ஒருவனது பெயரே அவனிடமிருந்து பிரிந்து பிறனொருவனின் உடைமையாகும் நிலை, பண்ட உறவுகளின் தர்க்கத்திற்குப் புறம்பானதன்று.

உரிமம் என்பதன் பொருளாதார உள்ளடக்கம் விளக்கத்தக்கது. உரிமம் பெற்றவர் தமது சேமிப்பையும் கடனையும் முதலிட்டுக் கிளையை நடத்துவார். தலைமை நிறுவனம் பெயரையும் முறையையும் வழங்கும். தொடக்கத்தில் விற்பனையில் 1.9 வீதமே கட்டணமாக அறவிடப்பட்டது, அதிலும் 0.5 வீதம் சகோதரர்களுக்குரியது. இவ்வருமானம் போதவில்லை. இதற்குத் தீர்வு கண்டவர் குறொக்கின் நிதி ஆலோசகரான ஹரி சொனபோர்ண். 1956இல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூடிய வாடகைக்கு உரிமம் பெற்றோரிடம் மீண்டும் குத்தகைக்கு விடுவதற்கெனத் தனி நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. பின்னர் நிலங்கள் சொந்தமாகவும் வாங்கப்பட்டன. விற்பனை உயர வாடகையும் உயர்ந்தது. விற்பனை தாழினும் குறைந்தபட்ச வாடகை உறுதியாயிருந்தது. ஹம்பர்கர் நிறுவனமென உலகம் அறிந்தது, உண்மையில் நிலவுடைமையாளனாகவும் நின்று இலாபமீட்டியது. நவீனத்துவத்தின் சின்னமாகக் கருதப்படும் நிறுவனம் மிகப் பழைய வருமானமாகிய நிலவாடகையின் மீது எழுப்பப்பட்டது என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்றாகும்.

இதற்குப் புறச்சூழலும் துணைநின்றது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமான நெடுஞ்சாலைகளுக்குப் பொதுப் பணத்தை ஒதுக்கியது. நகர்ப்புறத்தினின்று வெளியேறிய குடும்பங்கள் புறநகர்களில் வீடு கட்டின. தனியார் துணிவின் வெற்றி எனப் போற்றப்படுவது அரசு அமைத்த சாலையின் ஓரத்திலேயே நிகழ்ந்தது.

கிளைகள் பெருகியபோது ஒருமைப்பாடு இன்றியமையாததாயிற்று. பிறெட் ரேணர் தயாரித்த கைந்நூல் ஒவ்வொரு செயலையும் அளவிட்டது. ஓர் இறாத்தல் இறைச்சியில் பத்து வட்டங்கள். அவற்றின் விட்டமும் கொழுப்பின் வீதமும் சுடும் நேரமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. 1961இல் ‘ஹம்பர்கர் பல்கலைக்கழகம்’ என்னும் பெயரிலேயே பயிற்சி நிலையமொன்று இலினோயில் திறக்கப்பட்டு, பயின்றோருக்கு ‘ஹம்பர்கரியல்’ பட்டமும் வழங்கப்பட்டது. பல்கலைக்கழகம் சார்ந்தோராகிய நாம் இதனை நகைத்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அறிவு தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்டு நிர்வாகத்திடம் குவிக்கப்படும் இடம் யாது என வினவின், அதற்குரிய விடை அப்பெயரிலேயே உள்ளது.

5

இனி விற்பனைக் கலைக்கு வருவோம். ஒரே வகையான உணவை ஒரே வகையாக ஆக்கும் நிறுவனம், உணவின் சிறப்பைக் கூறி நெடுங்காலம் விளம்பரம் செய்தல் இயலாது. அது உணவைச் சூழ்ந்த உணர்வையே விற்க வேண்டியதாயிற்று.

முதற்கண் எண்ணிக்கை. எத்தனை ஹம்பர்கர்கள் விற்கப்பட்டன என்பதை வாயிற் பலகைகள் அறிவித்தன. 1963இல் அவ்வெண்ணிக்கை நூறு கோடியை எட்டியது. பிறர் உண்டனர் என்பதே நீயும் உண்பதற்கான நியாயமாயிற்று. அளவு தரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்துக் குழந்தைகள். 1963இல் வோஷிங்டன் நகரத் தொலைக்காட்சியில் றொனால்ட் மக்டொனால்ட் என்னும் கோமாளி தோன்றினான். நாடளாவிய விளம்பரங்களும் விளையாட்டுத் திடல்களும் தொடர்ந்தன. 1979இல் விளையாட்டுப் பொருளுடன் கூடிய ‘ஹப்பி மீல்’ அமெரிக்கா எங்கும் அறிமுகமாயிற்று. பணம் பெற்றோரிடம் உள்ளது. விருப்பம் குழந்தையிடம் உருவாக்கப்படுகின்றது. தொலைக்காட்சி வீட்டினுள் நுழைந்த பின்னர், குடும்பத்தின் அன்பையே சந்தைக்கு வழிகாட்டியாக்குதல் சாத்தியமாயிற்று.

மூன்றாவது ஓய்வு. 1971இல் இந்நிறுவனம் வெளியிட்ட விளம்பரச் சுலோகம், இன்று உனக்கு ஓர் ஓய்வு உரியது என்னும் பொருள்பட அமைந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாகக் கூலியுழைப்புக்குட் புகுந்துகொண்டிருந்த காலம் அது. வெளியிலும் வேலை, வீட்டிலும் வேலை என்னும் இரட்டைச் சுமையே அச்சுலோகத்துக்கு உயிர் கொடுத்தது. களைப்பு உண்மையானது, ஓய்வுக்கான ஏக்கமும் உண்மையானது. விளம்பரம் பொய்யான தேவையைப் புனைகின்றது என்று மட்டும் கூறுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர். திறன்மிக்க விளம்பரம் உண்மையான தேவையைப் பற்றிக்கொண்டு, அதற்குப் பண்ட வடிவில் விடை கூறுகின்றது. அதே தொடரைச் சார்ந்த விளம்பரப் படமொன்றிலே பணியாளர்கள் தளம் துடைத்தவாறும் பாத்திரம் துலக்கியவாறும் பாடி ஆடினர். ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பினாலேயே ஆக்கப்படுகின்றது. அவ்வுழைப்பை மறைக்க இரு வழிகள் உண்டு. திரைக்குப் பின்னே தள்ளுதல் ஒன்று. நடனமாக்கிக் காட்டுதல் மற்றொன்று. இரண்டாவதே நுட்பமானது.

விளம்பரத்தில் ஆடியவர்களின் ஊதியம் எத்தகையது? பெரும்பாலோர் பதின்ம வயதினர், பகுதிநேரத்தவர், தொழிற்சங்கமற்றவர். 1972இல் ஜனாதிபதி நிக்சனின் தேர்தல் நிதிக்குக் குறொக் 250,000 டொலர் வழங்கினார். அக்காலத்திலேயே பதினாறு, பதினேழு வயதுத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியிலும் 20 வீதம் குறைத்துக் கொடுக்க இடமளிக்கும் மசோதாவொன்று முன்வைக்கப்பட்டது. விமர்சகர்கள் அதற்கு இந்நிறுவனத்தின் பெயரையே இட்டு அழைத்தனர். நன்கொடைக்கும் மசோதாவுக்கும் தொடர்பில்லை எனக் குறொக் மறுத்தார். தொடர்பு எவ்வாறாயினும், மலிவான ஹம்பர்கரின் அடியில் மலிவான உழைப்பு இருந்தது என்பது மறுக்கொணாதது.

6

1971இல் டோக்கியோவின் கின்சா வீதியில் முதலாவது ஜப்பானியக் கிளை திறக்கப்பட்டது. 1990 ஜனவரி 31ஆந் திகதி மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் திறக்கப்பட்ட கிளைக்கு முதல் நாளிலேயே முப்பதாயிரத்திற்கும் அதிகமானோர் வந்தனர். 2022இல் உக்ரேன் போரையடுத்து நிறுவனம் ரஷ்யாவை விட்டு வெளியேறியது. 1992இல் பீக்கிங், 1996இல் டில்லி, 1998இல் கொழும்பு எனக் கிளைகள் தொடர்ந்தன.

பண்பாட்டுப் படையெடுப்பு என்னும் கருத்தை இங்கு பரிசீலித்தல் தகும். டில்லியில் மாட்டிறைச்சியின்றியே அந்நிறுவனம் கடை திறந்தது. இத்தகைய இணக்கம் புதியதுமன்று. 1962இல் ஒகாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்கருக்காகவே மீன் பணிஸ் அறிமுகமாயிற்று. மத நம்பிக்கைக்கு இறங்கிப்போக இந்நிறுவனம் என்றும் தயங்கியதில்லை. அது மாட்டிறைச்சியைக் கைவிட்டது, மணிக்கூட்டைக் கைவிடவில்லை. உணவு மாறியது, உழைப்பைப் பகுத்து அளந்து ஆளும் முறை மாறவில்லை. ஏற்றுமதியான உண்மைப் பொருள் அம்முறையே.

ஆகவே, நமது பாரம்பரிய உணவின் தூய்மை என்னும் கோட்டையில் நின்று இதனை எதிர்ப்பது போதாது. தோசையையும் கோழிப் பொரியலையும் அதே முறையில் ஆக்கி விற்கும் உள்ளூர் முதலாளி அக்கோட்டைக்குள்ளேயே வரவேற்கப்படுவான். மேலும், நுகர்வோர் வெறும் களிமண்ணுமல்லர். மானிடவியலாளர் ஜேம்ஸ் வொட்சன் 1997இல் தொகுத்த ஆய்வு நூலொன்று, கிழக்காசிய நகரங்களில் மாணவர்களும் முதியோரும் இக்கடைகளை விரைந்துண்டு வெளியேறும் இடங்களாகவன்றி, நெடுநேரம் அமர்ந்து படிக்கும், உரையாடும் இடங்களாக மாற்றிக்கொண்டதைக் காட்டுகின்றது. மேசைக்கு முன்னே இருப்போருக்கு இச்சிறு சுதந்திரம் கிட்டியது; மேசைக்குப் பின்னே நிற்போருக்கு அது கிட்டவில்லை. எமது கவனம் பின்னவர்பாற் செல்ல வேண்டும்.

7

எதிர்ப்பின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. 1986இல் லண்டனில் சிறு குழுவொன்று இந்நிறுவனத்தைக் கண்டிக்கும் துண்டுப்பிரசுரத்தை வெளியிட்டது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. ஹெலன் ஸ்ரீல், டேவ் மொறிஸ் ஆகிய இருவர் மன்னிப்புக் கேட்க மறுத்தனர். ஒருவர் தோட்டத் தொழிலாளி. மற்றவர் முன்னாள் தபாற் பணியாளர். அரசின் சட்ட உதவி மறுக்கப்பட்டதால் தாமே வாதாடினர். 1994 முதல் 1997 வரை 313 நாட்கள் நீடித்த அவ்விசாரணை ஆங்கில நீதித்துறை வரலாற்றில் மிக நீண்டதாகும். பிரசுரத்தின் சில கூற்றுகள் நிரூபிக்கப்படவில்லை என நீதிபதி தீர்ப்பளித்து நட்டஈடு விதித்தார். ஆயினும் விளம்பரங்கள் குழந்தைகளைச் சுரண்டுகின்றன என்பதும், விலங்குகளுக்கு இழைக்கப்படும் சில கொடுமைகளுக்கு நிறுவனம் பொறுப்பாளி என்பதும், அது வழங்கும் குறைந்த ஊதியம் பிரித்தானிய உணவகத் துறையின் கூலியையே தாழ்த்த உதவுகின்றது என்பதும் அதே தீர்ப்பில் ஏற்கப்பட்டன. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவியின்றி அவர்களை வழக்காட விட்டதன் மூலம் பிரித்தானிய அரசு நியாயமான விசாரணைக்கான உரிமையையும் கருத்துச் சுதந்திரத்தையும் மீறியது எனத் தீர்த்தது.

மொழியிலும் இப்போராட்டம் நிகழ்ந்துள்ளது. குறைந்த கூலியும் எதிர்காலமின்மையும் கொண்ட வேலையைக் குறிக்க ‘மக்ஜொப்’ என்னும் சொல் 1980களில் வழங்கத் தொடங்கியது. 2001இல் ஒக்ஸ்போர்ட் அகராதியில் இடம்பெற்றது. 2007இல் நிறுவனம் அச்சொல்லின் பொருளை மாற்றுமாறு பிரித்தானியாவிற் கையொப்ப இயக்கம் நடத்தியது. கோடிக்கணக்கான டொலரைச் செலவிட்டுத் தன் பெயருக்கு இன்பத்தின் பொருளை ஏற்றிய நிறுவனத்தால், அதே பெயரின் ஒரு பகுதிக்கு அனுபவம் ஏற்றிய பொருளை அழிக்க முடியவில்லை. சொற்களின் பொருளை நிர்ணயிப்பது இறுதியில் சமூக அனுபவமே என்பதற்கு மொழியியலாளர் இதனிலும் நல்ல உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

2012 நவம்பரில் நியூயோர்க்கின் விரைவுணவுத் தொழிலாளர் மணிக்கு 15 டொலர் ஊதியமும் சங்கம் அமைக்கும் உரிமையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு பேரே பங்குகொண்ட அவ்வியக்கம் நாடெங்கும் பரவியது. 2023இல் கலிபோர்னியா மாநிலம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, பெரும் விரைவுணவுத் தொடர்களின் தொழிலாளருக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டொலர் குறைந்தபட்ச ஊதியமாயிற்று. சமையற்காரனின் அறிவு துண்டாக்கப்பட்ட அதே மாநிலத்திலேயே, துண்டாக்கப்பட்டோர் ஒன்றுகூடி இதனை வென்றெடுத்தனர். மூலதனம் வாளாவிருக்கவில்லை. பணியாளருக்குப் பதிலாகத் தொடுதிரைகள் வைக்கப்படுகின்றன; கட்டளையிடும் வேலையையும் இப்பொழுது வாடிக்கையாளரே கூலியின்றிச் செய்கின்றனர். 1948இல் பரிசாரகப் பெண்ணை நீக்கி, உணவைச் சுமக்கும் வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த தர்க்கத்தின் தொடர்ச்சியே இது.

தொகுத்து நோக்குமிடத்து, இந்நிறுவனத்தின் வரலாறு ஓர் உணவின் வரலாறு என்பதனிலும் உழைப்பின் ஒரு வடிவத்தின் வரலாறு எனலே பொருந்தும். அவ்வுணவு உண்ணத்தக்கதா என்னும் வினாவைப் போசாக்கியலாளர் ஆராயட்டும். அது நம்முடையதா, பிறருடையதா என்னும் வினாவைப் பண்பாட்டுக் காவலர் எழுப்பட்டும். விளம்பரம் வழங்குவதாகக் கூறும் ஓய்வு யாருடைய ஓய்வின்மையால் ஆக்கப்பட்டது என்பதே எமது வினா. அவ்வினாவை ஹம்பர்கருடன் நிறுத்திக்கொள்ள வேண்டிய நியாயம் எதுவுமில்லை. எமது நகரங்களின் உணவகங்களிலே, பின்கதவுக்கு அப்பால், அடுப்பின் முன் நிற்போரிடமும் அது கேட்கப்பட வேண்டும்.